கொழும்பில் ஹாம் ரேடியோ லைசன்ஸ்: கேட்பதில் தொடங்கி முதல் அழைப்பு வரை

எங்கள் தொடர்மாடியில் இரண்டு மாடி கீழே இருக்கும் தம்பி ஒருவன் ஒரு நாள் கையில் பாவோஃபெங் என்ற சின்ன அனுப்பும் ரேடியோக் கருவியோடு வந்து நின்றான். கனடாவிலிருந்து வந்த மாமா கொடுத்ததாம். "அங்கிள், இதில எப்படிக் கதைக்கிறது?" என்றான். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "இதுக்கும் லைசன்ஸா?"

பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பிறரோடு பேசும் அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோவுக்கு வருகிற பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். முதலில் கருவி, அப்புறம் கேள்வி, கடைசியில் லைசன்ஸ். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறு. கேட்பது, படிப்பது, பரீட்சை, அனுமதிப்பத்திரம், எல்லாம் முடிந்த பிறகு கருவி. இடையில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் திரும்பி வந்து அதே படியில் ஏறியதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

இணைய வசதியுள்ள கணினி அல்லது போன், ஒரு ஹெட்ஃபோன், ஒரு சீஆர் கொப்பி, கல்குலேட்டர். இவற்றோடு பாடசாலையில் தருகிற 10, 11ஆம் தர விஞ்ஞானப் பாடநூல்கள். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும்.

ஹெட்ஃபோன் கட்டாயம். இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் மெல்லிய குரலைப் போனின் ஸ்பீக்கர் காட்டாது. காலி வீதி பஸ் சத்தத்தில் அது சுத்தமாகக் கரைந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பெரிதாகச் செலவு எதுவும் இல்லை. யாராவது "முதலில் இதை வாங்குங்கள்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

2. கையில் கருவி இருந்தால் பற்றரியைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்

இலங்கையில் ரேடியோ அலை அனுப்பும் கருவிகளுக்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் பொருந்தும். அனுமதி கொடுப்பது இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நம் நாட்டில் அனுப்பும் கருவி என்றாலே பாதுகாப்புத் தரப்பு ஒரு கண் வைத்திருக்கும். விளையாட்டாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன் என்ற விளக்கம் எங்கேயும் எடுபடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காரணம் இன்னொன்றும் இருக்கிறது. பாவோஃபெங் யூவி-5ஆர் போன்ற கருவி 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் அனுப்பும். அதில் அமெச்சூர்களுக்கு உரியது 144 முதல் 146 வரையான சின்னத் துண்டு மட்டும். மிச்சம் முழுக்க வேறு சேவைகளுடையது. எந்த இடம் யாருடையது என்பதைக் கருவி உங்களுக்குச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பரீட்சை.

3. ஒரு மாதம் வெறுமனே கேளுங்கள்

இந்தப் படிதான் ஆகப் பயனுள்ளது, ஆகக் கூடுதலானோர் விட்டுவிடுவதும் இதுதான். கேட்டுப் பழகியவருக்குப் பாடப்புத்தகத்தில் வரும் சொற்கள் ஏற்கெனவே காதில் விழுந்தவையாக இருக்கும். கேட்காதவருக்கு அவை வெறும் எழுத்துக்கூட்டம்.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்எஸ்டிஆர் என்ற ரிசீவரை யாரும் பிரவுசரில் திறந்து கேட்கலாம். கிவிஎஸ்டிஆர் என்ற வகை ரிசீவர்களும் உலகின் பல இடங்களில் இதேபோலத் திறந்திருக்கின்றன. ஐரோப்பாவில் ஒன்று, ஆசியாவில் ஒன்று என இரண்டைத் திறந்து, ஒரே மீடிறனை (அதிர்வெண்ணை) ஒரே நேரத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே கேட்பது இங்கே கேட்காது. அலை பரவுவது என்றால் என்ன என்று இந்தப் பத்து நிமிடம் காட்டுவதை ஒரு அத்தியாயம் சொல்லித் தராது.

முதல் நாள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 7 மெகாஹேர்ட்ஸுக்குப் போவார்கள். வாத்து கத்துவது போல ஒரு சத்தம் வரும். "ஒன்றும் புரியவில்லை" என்று மூடிவிடுவார்கள். ரிசீவர் ஏஎம் முறையில் இருக்கும், அனுப்புகிறவர் எஸ்எஸ்பி முறையில், அதாவது அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறையில் பேசிக்கொண்டிருப்பார். வழக்கம் இதுதான்: 10 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே பேச்சு என்றால் எல்எஸ்பி (கீழ்ப்பக்கம்), மேலே என்றால் யூஎஸ்பி (மேல்பக்கம்). (கணினியில் செருகும் யூஎஸ்பி அல்ல.) முறையை மாற்றிவிட்டு, மீடிறனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வாத்து மெல்ல மெல்ல மனிதக் குரலாக மாறும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு விரல் பழக இரண்டு மூன்று நாள் ஆகும்.

தென்னிந்தியாவில் அல்லது இலங்கையில் உள்ள ரிசீவர் ஒன்று கிடைத்தால் காலை வேளையில் 7000 முதல் 7200 கிலோஹேர்ட்ஸ் வரை மேலும் கீழும் போய் வாருங்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பது காதில் விழும். அவர்களுடைய அழைப்புக்குறி, அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய அடையாளப் பெயர், வியூ2, வியூ3 என்று தொடங்கும். நம்முடையது 4எஸ்7. சர்வதேச ஒதுக்கீட்டில் 4பி (ஆங்கில P) முதல் 4எஸ் வரை இலங்கைக்கு உரியது.

கேட்கும்போது சீஆர் கொப்பியில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: நேரம், மீடிறன், அழைப்புக்குறி. என்ன பேசினார்கள் என்பது வேண்டாம். அழைப்புக்குறியைப் பிடித்து எழுதுவதுதான் இந்தக் கலையின் பாதி.

4. வீட்டிரைச்சல் சோதனை

வெளிநாட்டு ரிசீவரில் தெளிவாகக் கேட்டுப் பழகியவர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தன் வீட்டில் ஒரு ரேடியோவைப் போட்டதும் திகைத்துப்போவார். எங்கு திருப்பினாலும் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே இரைச்சல். ரேடியோ பழுது என்று நினைப்பார். பழுது ரேடியோவில் அல்ல, வீட்டில்.

சிற்றலை உள்ள பற்றரி ரேடியோ ஒன்றைக் கடன் வாங்குங்கள். 7 மெகாஹேர்ட்ஸ் அருகே நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் நிறுத்துங்கள் (சமையலறையில் சொல்லிவிட்டு). இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். மெயினைப் போட்டு, ட்ரிப் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். என் வீட்டில் அகப்பட்டது சாமி அறையில் எரிந்த எல்ஈடி விளக்கு. இரண்டாவது, ரவுட்டரின் அடப்டர். விளக்கை மாற்ற அம்மா சம்மதிக்க ஒரு வாரம் ஆனது.

மெயினை நிறுத்தியும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது பக்கத்து வீடு, லிஃப்ட், அல்லது தெரு. அப்போது நீங்கள் எங்கே அன்டெனா வைக்க வேண்டும், எந்த அலைவரிசையில் இறங்க வேண்டும் என்ற முடிவே மாறும். அதனால்தான் இதைக் கருவி வாங்கும் முன் செய்யச் சொல்கிறேன்.

5. ஆட்களைப் பிடியுங்கள்

நம் நாட்டு அமெச்சூர்களின் சங்கம் ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா. சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தில் இலங்கையின் உறுப்பு அமைப்பு அதுதான். பரீட்சைக்கான வகுப்பு எப்போது, விண்ணப்பம் எப்போது என்பதெல்லாம் அங்கே உள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கூச்சப்பட வேண்டாம். பேச்சு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். உங்களுக்கு இரண்டும் தட்டுத் தடுமாறி வந்தாலும் போதும். போகும்போது உங்கள் கேட்புக் கொப்பியைக் கொண்டு போங்கள். "எனக்கு இதில் ஆர்வம்" என்று வாயால் சொல்வதைவிட, நிரம்பிய நாலு பக்கம் வேகமாக நண்பர்களைச் சேர்க்கும்.

6. படிக்கும் வரிசை

தமிழ் மொழி மூலம் படித்தவருக்கு உள்ள உண்மையான தடை விஞ்ஞானம் அல்ல, பெயர்கள். பாடநூலில் மீடிறன், தடை, கொள்ளளவி, பரிவு என்று படித்திருப்பார். கையில் கிடைக்கும் ஹாம் நூல்களோ ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலம். தெரிந்த விஷயமே தெரியாதது போலத் தோன்றும். ஆகவே கொப்பியின் பின்பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: பாடநூல் தமிழ்ச்சொல், ஆங்கிலச் சொல், அதன் அலகு. தினமும் ஐந்து சொல். இரண்டு மாதத்தில் சுவர் இறங்கிவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் சட்டமும் ஒழுங்கும். சலிப்பானதுதான், ஆனால் கணக்கு தேவையில்லாதது, மறக்கவும் கூடாதது. அமெச்சூர் நிலையத்தில் வியாபாரம் பேசக் கூடாது. பொருளை மறைக்கும் சங்கேத மொழி கூடாது. அழைப்புக்குறியை இடைக்கிடை சொல்ல வேண்டும். அனர்த்த நேரத்துக்குத் தனி விதிவிலக்கு உண்டு. சர்வதேச விதிகளின் சாரம் இவ்வளவுதான், அதன்மேல் நம் நாட்டு நிபந்தனைகள் வரும்.

அடுத்து ஓமின் விதியும் வலுவும். ஒரே ஒரு உதாரணத்தை நன்றாகப் பிடியுங்கள். 100 வோற்று அனுப்பும் கருவி 13.8 வோல்ற்றில் ஏறக்குறைய 20 அம்பியர் இழுக்கும். பெருக்கினால் 276 வோற்று. 100 வெளியே போகிறது என்றால் மிச்சம்? வெப்பம். கருவியின் பின்னால் ஏன் விசிறி, வயர் ஏன் தடிப்பு, சும்மா கிடக்கும் 2 அம்பியர் அடப்டர் ஏன் உதவாது, எல்லாம் இந்த ஒரு பெருக்கலில் விளங்கும்.

மூன்றாவது, அலைநீளம். 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றரில் அலைநீளம். இரண்டு சம நீள வயர் கொண்ட அரை அலை அன்டெனாவான டைபோலுக்கு 143ஐ வகுங்கள். 7.1க்கு ஏறக்குறைய 20 மீற்றர், 14.2க்கு 10, 28.4க்கு 5. இந்த மூன்று எண்களும், அவற்றின் இரு மடங்குதான் அலைநீளம் என்பதும் மனதில் இருந்தால் "40 மீற்றர் பாண்ட்", "20 மீற்றர் பாண்ட்" என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன என்றும் தெரியும், உங்கள் பல்கனியில் எது நிற்கும் என்றும் தெரியும்.

அதன் பிறகுதான் டெசிபெல், பரிவுச் சுற்று, ரிசீவரின் உள்பகுதிகள். டெசிபெல்லில் பலர் மடக்கை வாய்ப்பாட்டைப் பிடித்துத் தொங்குவார்கள். 3 டெசிபெல் என்றால் வலு இரு மடங்கு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. இவ்விரண்டையும் கூட்டிக் கழித்தே பெரும்பாலான கேள்விகளை முடிக்கலாம்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, அமெரிக்க டெக்னிஷியன் பரீட்சையின் வினாத்தொகுதியை அப்படியே மனப்பாடம் செய்வது. மின்சாரப் பகுதிக்கு அது நல்ல பயிற்சி. சட்டப் பகுதிக்கு விஷம். அங்கே 40 மீற்றர் பாண்ட் 7300 கிலோஹேர்ட்ஸ் வரை போகும். அலைவரிசை ஒதுக்க உலகைப் பிரித்ததில் நாம் இருக்கும் மூன்றாம் பிராந்தியத்தில் 7200 வரைதான், அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள். இந்தியப் பரீட்சைக் குறிப்புகளும் இப்படியே: தமிழில் கிடைக்கும், கோட்பாட்டுக்கு உதவும், சட்டம் வேறு. இரண்டாவது தவறு, மில்லியையும் மெகாவையும் மாற்றிப் போடுவது. கணக்குச் சரி, விடை கோடிக்கணக்கில் பிழை. கணக்கைத் தொடங்க முன் எல்லா அலகையும் அடிப்படை அலகுக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.

7. மோர்ஸ் தேவையா?

2003இல் நடந்த உலக ரேடியோத்தொடர்பு மாநாட்டுக்குப் பிறகு மோர்ஸ், அதாவது எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் முறை, சர்வதேசக் கட்டாயம் அல்ல, அந்தந்த நாடு முடிவு செய்யலாம். நீங்கள் எழுதப் போகும் லைசன்ஸ் வகுப்புக்கு என்ன நிபந்தனை என்பதை அந்த முறை வரும் அறிவித்தலில் பாருங்கள். நண்பரின் பழைய அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள்.

படிப்பதானால் புள்ளி, கோடு என்று தாளில் எழுதிப் படிக்க வேண்டாம். கண்ணால் படித்தவர் வேகம் கூடியதும் சுவரில் மோதுவார், பிறகு எல்லாவற்றையும் மறந்து காதால் திரும்பப் படிக்க வேண்டும். சத்தமாகவே பிடியுங்கள். நம் முன்னெழுத்தை வைத்தே தொடங்கலாம். 4 என்றால் டிடிடிடிடா. எஸ் என்றால் டிடிடி. 7 என்றால் டாடாடிடிடி. பஸ்ஸில் நாலு தரம் வாய்க்குள் சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

காதுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் 14.100 மெகாஹேர்ட்ஸில் சர்வதேசக் குறிகாட்டி நிலையங்கள் இருக்கின்றன. 18 நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 வினாடி, 3 நிமிடத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட ஒலி விடும்: 100 வோற்று, 10, 1, கடைசியில் 0.1. எத்தனையாவது ஒலி வரை கேட்கிறது என்று எண்ணுங்கள். இந்த வரிசையில் இலங்கைக்குரியது 4எஸ்7பி. ஹொங்கொங்குக்கு அடுத்து, தென்னாபிரிக்காவுக்கு முன் அதன் இடம். வேகம் நிமிடத்துக்கு 22 சொல், புதியவருக்கு ஓட்டம்தான். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே குறி வருவதால் நாலைந்து சுற்றில் பிடிபட்டுவிடும்.

8. விண்ணப்பமும் பரீட்சையும்

பரீட்சை நடத்துவதும் அனுமதிப்பத்திரம் தருவதும் ஆணைக்குழு. அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில். பரீட்சைக்கான அறிவித்தல் வந்த பிறகு ஆவணம் தேடத் தொடங்கினால் நாள் போதாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளை இப்போதே ஒரு கோப்பில் போடுங்கள்.

போட்டுவிட்டு எல்லாவற்றிலும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டை ஒப்பிடுங்கள். நம்மவர்களுக்கு இது தீராத தலையிடி. ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக, மற்றதில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் ஒரு எச் கூடுதல். என் கோப்பில் இருந்த அந்த எச்சை, கொடுப்பதற்கு முதல்நாள் இரவு மனைவிதான் கண்டுபிடித்தாள். அடையாள அட்டையில் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். வேறுபாடு பெரிதானால் சத்தியக்கடதாசி தேவைப்படலாம், அதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

எந்த வகுப்பு? நொவிஸ் என்ற ஆரம்ப வகுப்பு இருக்கிறது, அதற்கு மேலும் உண்டு. ஓமின் விதியில் தடுமாறாதவர், ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தவர் மேல் வகுப்பையே முயலலாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் சிலர் இதை ஏற்க மாட்டார்கள்.

பரீட்சை நாளில் சட்டக் கேள்விகளை முதலில் முடியுங்கள், கணக்கைப் பிறகு தொடுங்கள். கணக்கில் மாட்டி நேரம் போனவர் தெரிந்த கேள்வியையும் விட்டுவிட்டு வருவார்.

சித்தி அடைந்த பெறுபேறு கையில் வந்ததும் அனுப்பத் தொடங்கிவிடலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. பரீட்சை வேறு, அனுமதிப்பத்திரம் வேறு. அழைப்புக்குறி எழுதிய பத்திரம் வரும் வரை உங்கள் வேலை முன்போலவே கேட்பதுதான்.

9. இப்போது கருவி

வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் அனுமதியை முதலில் வாங்குங்கள், பிறகு பணத்தைக் கட்டுங்கள். அனுமதி இல்லாத பொதி சுங்கத்தில் நின்றுவிடும், நின்ற ஒவ்வொரு நாளும் செலவு. உள்ளூர் அமெச்சூர் ஒருவர் விற்கும் பழைய கருவி பல வேளைகளில் நல்ல வழி. வேலை செய்வதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம், பழுதானால் கேட்க ஆளும் உண்டு. கருவி உங்கள் பெயருக்கு மாறுவதை எழுத்தில் செய்துகொள்ளுங்கள்.

பிளக், வயர், மல்டிமீற்றர் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். கேபிள் வாங்கும்போது 50 ஓம் என்று கேளுங்கள், ஆர்ஜி-58 போல. டிவிக்குப் போடுவது 75 ஓம். கேட்பதற்கு அது தாராளமாகப் போதும். அனுப்புவதற்கு அதில் தொடங்க வேண்டாம்.

10. பல்கனியில் ஒரு டைபோல்

28 மெகாஹேர்ட்ஸ் டைபோலின் மொத்த நீளம் 5 மீற்றர், ஒரு பக்கம் இரண்டரை. தொடர்மாடியில் இதுதான் இலகு. கட்ட முன் முகாமைக் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கட்டிய பிறகு சொன்னால் "உடுப்புக் காயப்போடும் கம்பி" என்ற விளக்கம் எடுபடாது, நான் முயன்று பார்த்தேன்.

பிஎல்-259 பிளக்கை ஈயம் பற்றவைக்கும்போது வெளிப் பின்னலின் ஒரு மயிரிழை உள்ளே வளைந்து நடு ஊசியைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. அன்டெனாவைப் பொருத்தும் முன் மல்டிமீற்றரில் பாருங்கள்: நடு ஊசிக்கும் வெளி ஓட்டுக்கும் இடையே "பீப்" வரக் கூடாது. ஒரு முனை ஊசிக்கும் மறுமுனை ஊசிக்கும் வர வேண்டும். இந்த அரை நிமிடத்தைச் சேமித்தவர்கள் கருவியின் வெளியீட்டு திரான்சிற்றரை எரித்திருக்கிறார்கள்.

அடுத்து எஸ்டபிள்யூஆர், அதாவது அன்டெனா கருவியோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு. மிகக் குறைந்த வலுவில் பாருங்கள். 1.5க்குள் என்றால் நிம்மதி, 2 வரை சமாளிக்கலாம், 3 என்றால் உடனே நிறுத்தி இணைப்பைத் தேடுங்கள். வயரை முதலில் ஒரு சாண் நீளமாகவே வெட்டுங்கள். நறுக்குவது சுலபம், ஒட்டுவது கஷ்டம்.

கடலோரம் இருந்தால் இணைப்பை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். வெள்ளவத்தை உப்புக்காற்றில் செம்பு சில மாதங்களில் பச்சை பிடித்துவிடும். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். அந்த மாதங்களில் மதியத்துக்குப் பிறகு கேபிளைக் கழற்றி, கருவிக்குத் தள்ளி வையுங்கள்.

11. முதல் அழைப்பு

நீங்களே "சீ க்யூ" (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) போடுவதைவிட, வேறொருவர் போடும் அழைப்புக்குப் பதில் சொல்வது இலகு. யார், எங்கே என்று ஏற்கெனவே தெரியும், உங்களுக்குச் சொல்ல வேண்டியது அழைப்புக்குறி மட்டும். அதைச் சர்வதேச ஒலிப்பெயர்களில் சொல்லுங்கள்: ஃபோர் சியரா செவன், அதன் பிறகு உங்கள் எழுத்துகள். "பி ஃபோர் பனானா" என்பது இரைச்சலில் காணாமல் போகும், பிராவோ போகாது. அங்கிருந்து பெயரும் ஊரும் கேட்டால் நிதானமாக இரண்டு தரம் சொல்லுங்கள். இடத்தைக் காட்டும் கட்டக் குறியீடு கொழும்புக்கு எம்ஜே96, அதையும் ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டி வையுங்கள். முதல் நாள் சொந்தப் பெயரே மறந்துபோகும்.

சமிக்ஞை அறிக்கையாக எல்லோருக்கும் "ஃபைவ் நைன்" (தெளிவாக, பலமாகக் கேட்கிறது) கொடுக்கும் பழக்கத்தைத் தொற்றிக்கொள்ளாதீர்கள். காதில் விழுந்ததைச் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் புது அன்டெனா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கலாம்.

முடிந்ததும் குறிப்பேட்டில் யூடீசி என்ற உலகப் பொது நேரத்தில் பதியுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். காலை 5 மணிக்குப் பேசியது குறிப்பேட்டில் 23:30, அதுவும் முந்தைய நாள் திகதியில். புதியவர்கள் மணியை மாற்றுவார்கள், திகதியை மாற்ற மறப்பார்கள். பிறகு மறுமுனைக்காரர் தன் பதிவோடு ஒப்பிட்டுவிட்டு, அப்படியொரு தொடர்பே இல்லை என்பார். என் மேசையில் இதற்கென்றே இரண்டாவது மணிக்கூடு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஐந்தரை மணி பிந்தி ஓடுகிறது, பற்றரி மாற்றுங்கள் என்கிறார்கள்.